முகத்துக்கு நாற்பது, மூச்சுக்கு எண்பது

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சின்ன வயசில் மும்பை செம்பூர் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து இந்தியானா ஜோன்ஸ் படங்களை கேபிளில் மனப்பாடமாகப் பார்த்தவர் நீங்கள். 2008-ல் வந்த நான்காவது படம் ஏமாற்றிவிட்டது. பதினைந்து வருஷம் காத்திருந்து, 2023 ஜூன் கடைசியில் ஐந்தாவது படத்தை முதல் நாளே சயானில் போய்ப் பார்த்தீர்கள். ஆரம்பத்தில் ஏறக்குறைய 25 நிமிஷம் உங்கள் ஹீரோ அந்தக் கால முகத்தோடு நாஜி ரயில்மேல் ஓடுகிறார், நீங்கள் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் நியூயார்க் வீட்டுக் கட்டிலில் ஒரு கிழவர் கண் விழிக்கிறார், பிரிந்துபோன மனைவி காய்கறிப் பையோடு வருகிறாள், சில நிமிஷம்தான், அழுதுவிட்டீர்கள். ‘கிராபிக்ஸ் சொதப்பலா, படமே சொதப்பலா, இல்லை எனக்குத்தான் வயசாகிவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவதற்குப் பதில் எல்லாருக்கும் ஆமாம்தான், அதை விடுங்கள். ஆசைப்பட்ட முகம் வந்தபோது ஏன் ஒன்றும் வரவில்லை, எதிர்பார்க்காத முகம் வந்தபோது ஏன் அழுகை வந்தது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கிராபிக்ஸ் தெரிந்தவர் முகத்தைப் பற்றிச் சொல்வார். நான் சவுண்ட் ஆள். 1999-ல் அந்தேரியில் ஒரு ஸ்டுடியோவில் கேபிள் சுருட்டும் பையனாகச் சேர்ந்தேன், அப்புறம் ஃபோலி, இப்போது டயலாக் எடிட்டிங். ஃபோலி என்றால், படத்தில் வருகிறவர்களின் காலடி, துணி உரசல், டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாவற்றையும் திரையைப் பார்த்துக்கொண்டே திரும்ப உண்டாக்குவது. ஹாலிவுட்டில் ஜாக் ஃபோலி என்று ஒருவர் இருந்தார், அவர் பெயர்தான் தொழிலுக்கே நின்றுவிட்டது. எங்கள் ஃபோலி அறையில் நூற்றுக்கு மேல் பழைய செருப்பும் ஷூவும் கிடக்கின்றன, பாதி சோர் பஜாரில் வாங்கியவை. எலும்பு முறிய வேண்டுமென்றால் மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காய் வரும். சாயங்காலம் அதுவே சாம்பாருக்கும் போகும்.

அதனால் என் பதில் காது வழியாகத்தான் வரும். உங்கள் கண் அந்த முகத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது, காது ஒப்புக்கொள்ளவில்லை. காது மறுத்ததைக் கண்ணின் தலையில் போட்டு ‘கிராபிக்ஸ் சரியில்லை’ என்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. உங்கள் ஹீரோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு பிறந்தது 1942 ஜூலையில். முதல் படம் 1981-ல் வந்தபோது அவருக்கு 39 முடியவில்லை. ஐந்தாவது படத்தின் ஷூட்டிங் 2021-ல் நடந்தபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஒரு சண்டைக் காட்சி ஒத்திகையில் தோளில் அடிபட்டுச் சில காலம் வேலை நின்றது. கதை 1944-ல் தொடங்குவதால் முகத்தை இளமையாக்க வேண்டியிருந்தது. கம்பெனி கையில் பழைய படங்களின் ஃபுட்டேஜ் கிடந்தது, அதிலிருந்து அந்த முகத்தைத் தேடி எடுத்து இன்றைய நடிப்பின்மேல் உட்கார வைத்தார்கள். எந்த வெளிச்சத்தில் எந்தக் கோணத்தில் அவர் எப்படி இருப்பார் என்று பார்த்துக்கொள்ள நாற்பது வருஷச் சரக்கு இருந்தது. ஆனால் வாயைத் திறந்து பேசியவர் எண்பதை நெருங்கிய அந்த மனிதர்தான்.

வயசானால் குரல் கட்டையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்களுக்கு நடப்பது பெரும்பாலும் வேறு. குரல் நாண்கள் மெலிந்துபோகும், பேசும்போது இரண்டும் முழுசாகச் சேராமல் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த வழியாகக் காற்று கசியும். குரல் மெலிந்து, கொஞ்சம் கரகரப்பாக, பல பேருக்குச் சுருதி லேசாக மேலேகூட ஏறும். நெஞ்சுக்கூடு முன்போல விரியாததால், நாற்பது வயசில் ஒரே மூச்சில் சொன்ன வாக்கியத்தை எழுபத்தைந்தில் இரண்டாக ஒடித்துத்தான் சொல்ல முடியும். உங்கள் தாத்தா போனில் ‘யாரு... பேசறது’ என்று கேட்பாரே, அந்த நடு இடைவெளிதான். அதை நாம் யாரும் பாடமாகப் படித்ததில்லை. ஆனாலும் முகம் தெரியாத ராங் நம்பரில்கூட எதிரில் இருப்பவர் பெரியவரா, பையனா என்று ‘ஹலோ’விலேயே கண்டுபிடித்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பீர்கள். எட்டு வருஷம் முன்னால் ஒரு ஹிந்திப் படத்துக்கு நாங்களே முயன்றோம். ஹீரோவுக்கு ஐம்பத்தெட்டு, ஃபிளாஷ்பேக்கில் காலேஜ் பையன். முகத்தை வேறொரு கம்பெனி பார்த்துக்கொண்டது, குரல் எங்கள் தலையில் விழுந்தது. முதலில் சுருதியை இரண்டு படி ஏற்றினோம், மனுஷன் எலி மாதிரி ஆனார். சுருதியை விட்டுவிட்டுத் தொண்டையின் அளவை மட்டும் சின்னதாக்கிப் பார்த்தோம், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. மூன்றாவது ராத்திரி, எங்களுடன் வேலை பார்த்த ஒரு மராட்டிப் பையன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “அண்ணா, வார்த்தை சரியா இருக்கு. நடுவுல இழுக்கிற மூச்சு தாத்தா மூச்சு” என்றான். (எங்கள் செட்டில் எல்லாருக்கும் ‘அண்ணா’ வரும், அதற்குக் காரணம் நான்தான்.) திரும்பக் கேட்டோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், மூக்கடைத்தவர் போல ஒரு நீண்ட இழுப்பு, முடிவில் ஒரு சின்ன ‘ஹ்ம்’. அவற்றை எல்லாம் வெட்டி எடுத்தோம். நாடகக் குழுவிலிருந்து இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சு மட்டும் விடச் சொன்னோம். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நாலு மணி நேரம் மூச்சு விட்டதற்குக் காசு வாங்கிக்கொண்டு போனான். குரல் அதே குரல்தான், ஆனால் ஆள் முப்பதுக்கு இறங்கிவிட்டார். இருபதுக்கு இறங்கவில்லை. அவர் ஓடும் காட்சியில் காலடியையும் மாற்ற வேண்டியிருந்தது. வயசான கால் குதிகாலில் இறங்கி ஒரு நூல் தேய்ந்துதான் எழும்பும், இளங்கால் முன்பாதத்தில் தட்டிவிட்டுப் போய்விடும்.

அந்தப் பெரிய படத்தில் என்னென்ன செய்து பார்த்திருப்பார்கள் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் வெளிச்சம். என் காதுக்கு எட்டியது, அந்த ரயில் காட்சிகளில் பேசுவது 1944-ன் ஆள் இல்லை என்பது. இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு பேடில் குறித்துக்கொண்டே பார்த்தேன். சண்டையில் முக்கும்போதும் முனகும்போதும் பெரிதாக நெருடவில்லை. அமைதியாக நாலு வார்த்தை பேசினால் நெருடியது. கத்தலில் எல்லா வயசும் ஒன்று, பேச்சில்தான் வயசு தெரியும்.

பழைய படங்களில் உங்களைக் கட்டிப்போட்டதிலும் பாதி காதுதான். முதல் படத்தின் சத்தங்களைச் செய்தவர் பென் பர்ட். அவரும் ரிச்சர்ட் ஆண்டர்சனும் அதற்கென்று தனி ஆஸ்கர் வாங்கினார்கள். குகைக்குள் உருண்டு வரும் அந்தப் பாறை இருக்கிறதே, திரையில் இருந்தது ஃபைபர் கிளாஸ். நமக்குக் கேட்டது, இன்ஜினை அணைத்துவிட்டுச் சரளைக்கல் சரிவில் உருளவிட்ட ஹோண்டா சிவிக் காரின் டயர். பாம்புகள் நெளிவது, சீஸ் போட்டுச் சமைத்த பண்டத்துக்குள் கையை விட்டுப் பிசைந்தது. கதையில் எல்லாரும் தேடுகிற பேழையின் கல் மூடி நகர்வது, டாய்லெட் தண்ணீர்த் தொட்டியின் பீங்கான் மூடி. கைத்துப்பாக்கி சுட்டால் வருவது ரைஃபிள் சத்தம். நிஜத்தில் ஒருவர் தாடையில் குத்தினால் ‘சப்’ என்று ஒரு அல்பச் சத்தம்தான் வரும். நம் ஊரில் அதற்கு டிஷ்யூம் என்று ஒரு அகராதிச் சொல்லே உண்டாக்கி வைத்திருக்கிறோம். பர்ட் தோல் ஜாக்கெட்டுகளைக் குவித்து பேஸ்பால் மட்டையால் அடித்தார். தோல் மேல் விழுகிற அடி, அந்தத் தோல் ஜாக்கெட்காரன் படம் முழுக்க வாங்குகிற அடி. சாட்டை மட்டும்தான் தன் சத்தத்தைத் தானே கொண்டுவரும். அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது வெடிக்கிறது.

இதையெல்லாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. அந்த ஹீரோ மற்ற ஹீரோக்களிடமிருந்து எங்கே வேறுபட்டார்? அவருக்கு வலித்தது. லாரிக்கு அடியில் இழுபட்டுப் போகும் காட்சியில் ஸ்டன்ட் ஆள் நிஜமாகவே போனார், அடிபடாமலிருக்கச் சாலை நடுவில் மண்ணைத் தோண்டி ஆழப்படுத்தியிருந்தார்கள். அடுத்த படத்தின் தொங்குபாலத்தை இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் கட்டி, கேமராக்களை ஓடவிட்டு ஒரே முறை நிஜமாகவே அறுத்தார்கள். இந்தியாவில் எடுக்க ஒத்துவராததால்தான் இலங்கைக்குப் போனார்கள். கதையைப் படித்தால் ஏன் ஒத்துவரவில்லை என்று புரியும். நம்மைக் குரங்கு மூளை தின்கிறவர்களாகக் காட்டிய படத்தை, ‘தளபதி’யில் மிரட்டிய அம்ரீஷ் புரி வில்லன் என்பதற்காகவே நாமும் கைதட்டிப் பார்த்தோம், என்ன செய்ய. இந்த இரண்டு காட்சியிலும் கனம் இருந்தது. சத்தம் அந்தக் கனத்தை இன்னும் ஒரு மடங்கு கூட்டியது. கீழே விழுந்தவர் எழுந்து நிற்பதற்குள் நமக்கு முதுகு வலித்தது.

என் கொள்கைக்கு எதிராக இரண்டு சாட்சி உண்டு, இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் சாட்சி எம்.ஜி.ஆர். 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் பாய்ந்தது, குரல் மாறிவிட்டது. அந்த வருஷமே வந்த ‘காவல்காரன்’ படத்தில் சுடப்படுவதற்கு முன் எடுத்த காட்சிகளும் பின் எடுத்தவையும் கலந்திருக்கின்றன. ஒரே படத்தில் அதே முகம், இரண்டு குரல். வேறு யாராவது டப்பிங் பேசட்டும் என்று விடாமல் அவரே பேசினார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது மட்டுமா, அந்தக் குளறலுக்காகவே இன்னும் கொஞ்சம் உருகினார்கள். 1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு, பெயரிலேயே வாலிபன், அரங்கம் அதிர்ந்தது. மாதுங்காவில் அரோரா தியேட்டருக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் அப்பா அந்தப் படக் கதையைச் சொல்லும்போது கடைசி அறிவிப்பில்தான் முடிப்பார்: அடுத்து ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’. அந்த அடுத்த பாகம் வரவே இல்லை. பதினைந்து வருஷக் காத்திருப்பைப் பற்றி என் அப்பாவிடம் நீங்கள் பேசியிருந்தால் சிரித்திருப்பார்.

அப்படியானால் குரலும் முகமும் ஒத்துப்போகாவிட்டாலும் ரசிகன் ஏற்றுக்கொள்வான் என்றுதானே ஆகிறது? நான் நினைப்பது இது, நிரூபிக்க முடியாது: எம்.ஜி.ஆர். குரலுக்குப் பின்னால் இருந்த காயம் ஊருக்கே தெரியும். கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த போட்டோவைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். குரல் தடுக்கிய ஒவ்வொரு இடத்திலும் ரசிகனுக்கு அந்தக் காயம் ஞாபகம் வந்தது. 1944 ரயிலில் காயமே இல்லை என்று சாதிக்கப் பார்த்தார்கள்.

இதற்கே மறுபக்கம் 1996-ன் ‘இந்தியன்’. நாற்பத்தோரு வயசுக் கமல் முகத்தில் ரப்பர் ஒட்டிக்கொண்டு எழுபதைத் தாண்டிய சேனாபதியாக வந்தார். மேக்கப்பைக் கூர்ந்து பார்த்தால் மேக்கப் என்று தெரியும். ஆனால் கண்ணை மூடிக் கேளுங்கள், மூச்சை எங்கே ஒடிக்க வேண்டுமோ அங்கே ஒடித்திருப்பார். வயசை ஏற்றிக்கொள்ள நடிகனால் முடியும், நிறைய மூச்சு வைத்திருப்பவன் கொஞ்சமாகச் செலவழிக்கலாம். இறக்குவதுதான் முடியாது, இல்லாத மூச்சை எங்கிருந்து கொண்டுவருவது? இப்போது மெஷின் அதையும் செய்யப் பார்க்கிறது. 2024-ல் விஜய் படத்தில், அந்த வருஷம் ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை ஒரு பாட்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள், கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டில் மூச்சுக்கு இடம் மெட்டே ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறது. பேச்சில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது சாட்சி உங்கள் 2008 படம். அதில் ஃபோர்டுக்கு அறுபத்தைந்து, முகமும் அறுபத்தைந்து, குரலும் அறுபத்தைந்து. என் கணக்குப்படி நீங்கள் ஒட்டிப்போயிருக்க வேண்டும், ஒட்டவில்லை. அங்கே என் கொள்கையில் ஓட்டை விழுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம் கனம் போனது என்பது என் ஊகம். அணுகுண்டு வெடிக்கிறது, ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்தவர் ஃபிரிட்ஜோடு பறந்து போய் விழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். அது தன் யோசனைதான் என்று டைரக்டர் ஸ்பீல்பெர்க் சொன்னார், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்று கதை எழுதிய லூகாஸ் சொன்னார். யார் யோசனையாக இருந்தால் என்ன, அடி வாங்கியவனுக்கு வலிக்கவில்லை என்றால் பார்க்கிறவனுக்கும் வலிக்காது. திரைக்கதை நன்றாக இருந்ததா, டைரக்டர் மாறி ஜேம்ஸ் மான்கோல்டு வந்ததால் ஐந்தாவது படத்துக்கு லாபமா நஷ்டமா என்பதெல்லாம் என் கடை இல்லை. ரசிகனாகக் கேட்டால், மொராக்கோத் துரத்தலில் பாதியை வெட்டியிருப்பேன்.

உங்கள் வயசுக்கும் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும். பழைய மூன்றையும் நீங்கள் முப்பது நாற்பது தடவை பார்த்திருப்பீர்கள், புதுசை ஒரு தடவை. அடிக்கடி பார்த்த ஒன்று பார்த்ததாலேயே பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே சோதித்துக் காட்டினார். அப்பாவோடு பார்த்தது என்பது தனி. அதை எந்த ஸ்டுடியோவும் மிக்ஸ் செய்து கொடுக்க முடியாது. காது கிழடாகிறது என்பதும் உண்மை. எனக்கு ஐம்பத்திரண்டு. மேல் ஸ்தாயியில் ஒரு விசில் மாதிரி இரைச்சல் இருக்கிறது என்று எங்கள் ஸ்டுடியோப் பையன்கள் முகம் சுளிப்பார்கள், நான் தலையாட்டிவிட்டு மீட்டரைப் பார்ப்பேன். இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன், அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் அழுத இடம். முதல் படத்தில் கப்பலில் ஒரு காட்சி வருமே, உடம்பெல்லாம் அடிபட்டுப் படுத்திருப்பார், எங்கேதான் வலிக்கவில்லை என்று பின்னால் மனைவியாகப்போகிற காதலி அலுத்துக்கொண்டு கேட்க, முழங்கையைக் காட்டுவார், அங்கே ஒரு முத்தம், அப்புறம் நெற்றி. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அதே இருவரும் அந்த விளையாட்டைத் திரும்ப ஆடுகிறார்கள். சவுண்டில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சாட்டை இல்லை, குத்து இல்லை, ஜான் வில்லியம்ஸ் இசை பின்னால் ஒதுங்கி நிற்கிறது. மைக் இரண்டு கிழங்களுக்கும் பக்கத்தில் போய்விட்டது. காற்று கசியும் குரல்கள், நடுவில் ஒடியும் வாக்கியங்கள், ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் அந்த இழுப்பு. ரயிலில் நெருடிய அதே மூச்சுதான், இங்கே அதை மறைக்க யாரும் பாடுபடவில்லை. நாங்களாக இருந்தாலும் அந்த இழுப்புகளில் ஒன்றைக்கூட வெட்டியிருக்க மாட்டோம். படம் முழுக்க முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று அலைந்த மனுஷன் அந்தக் கட்டிலில்தான் ஒரே ஆளாக உட்கார்ந்தார்.

நான் சொன்னது சரியா என்று நீங்களே சோதிக்கலாம். டிவி ஸ்பீக்கர் வேண்டாம், சுமாரான ஹெட்போன் போதும். முதல் படத்தில் அவர் காலேஜில் பாடம் எடுக்கிற காட்சியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் கேளுங்கள். பிறகு ஐந்தாவதின் ரயில், ஓட்டமும் சண்டையும் இல்லாமல் அவர் நண்பரோடு பேசும் இடம். பிறகு கடைசிக் கட்டில். எது உங்கள் ஆள் என்று காது சொல்லும். இரண்டாவதையும் உங்கள் காது ஒப்புக்கொண்டால் நான் சொன்னது தப்பு, மறக்காமல் வந்து எழுதுங்கள், எங்கள் மராட்டிப் பையனிடம் காட்ட வேண்டும்.